கட்டற்ற பணிமேடைச் சூழல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணிமேடைச் சூழல் என்பது எது? லினக்ஸும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கணினியை இயக்கியதும் தெரியும் பின்னணிப் படம், நிரல்களைத் திறக்கும் பட்டியல், கடிகாரமும் மின்கல அளவும் நிற்கும் பட்டை, சாளரங்களின் ஓரத்திலுள்ள மூடு பொத்தான், கோப்பு மேலாளர், ஒலியளவையும் வைஃபையையும் மாற்றும் அமைப்புப் பக்கம் ஆகிய யாவும் ஒரே கையால் செய்தவை போல ஒத்து இயங்குமாறு சேர்த்துக் கட்டிய தொகுப்பையே பணிமேடைச் சூழல் என்கிறோம். பேச்சில் டெஸ்க்டாப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். லினக்ஸ் என்பது அதற்கு வெகு கீழே, வன்பொருளை ஆளும் கரு. விண்டோஸிலும் மேக்கிலும் இவை இரண்டும் ஒன்றாகவே வருவதால் பயனர் அவற்றைப் பிரித்து எண்ண வேண்டிய தேவை எழுவதில்லை. லினக்ஸிலோ பணிமேடையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். அடியிலுள்ள கருவும் உங்கள் கோப்புகளும் அப்படியே இருக்கும். லினக்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் துருவிக் கேட்டால், அவர்களுக்குப் பிடிக்காமல் போனது முதல் நாள் கண்ணில் பட்ட ஒரு பணிமேடை மட்டுமே என்பது பெரும்பாலும் தெரியவரும்.

கட்டற்றது என்றால் இலவசம் என்று பொருளா?

பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் விலையைக் குறிக்கவில்லை. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பிறருக்குத் தரவும், மாற்றிய வடிவத்தை வெளியிடவும் உரிமை இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். கடைசி உரிமை வெறும் ஏட்டளவிலானது என்று நினைப்பவர்கள் கீழே மாத்தே என்ற பணிமேடை பற்றிய பதிலைப் படிக்கலாம்.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பணிமேடைகள்?

ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. அது தெரிந்தால், எது உங்களுக்குப் பொருந்தும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

1990களின் நடுவில் லினக்ஸில் வரைகலைத் திரை இருந்தது, பணிமேடை இருக்கவில்லை. எம்ஐடியில் 1984இல் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு திரையில் சாளரத்தை வரைந்து தந்தது. அந்தச் சாளரத்துக்குள் பொத்தான் எப்படி இருக்க வேண்டும், ஓரிடத்தில் படியெடுத்ததை வேறோரிடத்தில் எப்படி ஒட்டுவது என்பனவற்றை ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி செய்தது. வணிக யூனிக்ஸ் நிறுவனங்கள் கூடிச் செய்த சிடிஇ என்ற பணிமேடை இருந்தது. அதற்கு விலை உண்டு, மூலநிரல் கிடையாது. (அது கட்டற்றதானது 2012இல். அதற்குள் அதைத் தேடுவோர் பழம்பொருள் ஆர்வலர்கள் மட்டுமே.)

1996 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிக், யூஸ்நெட் என்ற அன்றைய இணையக் கருத்துக் குழுமத்தில் ஓர் அழைப்பை வெளியிட்டார். கணினி நிர்வாகிக்காக அல்லாமல், இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் விளையாடவும் விரும்பும் சாதாரணப் பயனருக்காக ஒரு முழுமையான சூழலைக் கட்டுவோம் என்பது அதன் சாரம். அதுவே கேடிஇ, 1998 ஜூலையில் முதல் பதிப்பு வந்தது. விரைவாகக் கட்டுவதற்காக அவர்கள் டிரோல்டெக் என்ற நார்வே நிறுவனத்தின் க்யூடி என்ற கருவித்தொகுதியைப் பயன்படுத்தினார்கள். பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி முதலியவற்றை வரையும் அடித்தளம் அது. கேடிஇயின் நிரல் கட்டற்றது, ஆனால் அது நிற்கும் தரை அன்று கட்டற்றதாக இல்லை.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய குனூ திட்டத்தினர் இதை ஏற்கவில்லை. இரண்டு வழிகளை அவர்கள் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். க்யூடிக்குக் கட்டற்ற மாற்று ஒன்றை எழுதும் ஹார்மனி என்ற முயற்சி ஒன்று. மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் அறிவித்த குனோம் மற்றொன்று. குனோம், கிம்ப் என்ற படத்தொகுப்பு நிரலுக்காக பெர்க்லி மாணவர்கள் இருவர் எழுதிய ஜிடிகே கருவித்தொகுதியின்மீது கட்டப்பட்டது. இன்று நாம் காணும் பணிமேடைகளில் பெரும்பாலானவை க்யூடி வழியிலோ ஜிடிகே வழியிலோ வந்தவை என்பதால், ஓர் உரிமப் பிணக்கில் எழுந்த அந்தக் கோடு இன்றுவரை நீள்கிறது.

க்யூடியின் உரிமச் சிக்கல் தீர்ந்துவிட்டதே, பிறகு ஏன் இரண்டும் இணையவில்லை?

தீர்ந்தது உண்மைதான். 2000ஆம் ஆண்டில் க்யூடி ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழும் வந்தது. அதற்கு முன்பே, 1998இல், கேடிஇயினர் டிரோல்டெக்குடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: நிறுவனம் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் க்யூடியின் கட்டற்ற பதிப்பை வெளியிடாமல் நிறுத்தினால், இதற்கென அமைத்த ஓர் அறக்கட்டளை அதை மிகத் தளர்வான உரிமத்தில் வெளியிட்டுவிடலாம். பிறகு டிரோல்டெக் நோக்கியாவின் கைக்கும், க்யூடி அங்கிருந்து டிஜியாவின் கைக்கும் போனபோதும் இந்த ஏற்பாடு கூடவே போனது. என் மதிப்பீட்டில், கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் முன்யோசனையுடன் எழுதப்பட்ட ஆவணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அதற்குள் இரண்டு பக்கமும் தனித்தனி மொழியும் வழக்கமும் வேரூன்றிவிட்டன. க்யூடி சி பிளஸ் பிளஸ் மொழியிலும் ஜிடிகே சி மொழியிலும் எழுதப்பட்டவை. அதைவிட முக்கியமாக, பயனர் எவர் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு முடிவுக்கு வந்திருந்தன: தெரிவுகளைக் குறைத்துக் கொடுப்பதே உதவி என்று குனோமும், தெரிவுகளைத் திறந்து வைப்பதே உதவி என்று கேடிஇயும் எண்ணத் தொடங்கின. இணைப்புக்குப் பதிலாக ஒத்துழைப்பு வந்தது. 2000இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுக் களத்தில் இரு தரப்பும் கூடி, நிரல் பட்டியலின் வடிவம், குப்பைத்தொட்டியின் இடம், அறிவிப்புகளின் முறை ஆகியவற்றைப் பொதுவாக்கிக்கொண்டன.

அப்படியானால் கேடிஇயின் நிரலைக் குனோமில் இயக்க முடியுமா?

முடியும். தேவையான நூலகங்களை நிறுவல் கருவியே சேர்த்து இறக்கிக்கொள்ளும். தோற்றத்தில் சிறிது ஒட்டாமல் நிற்கும், அவ்வளவே.

நான் பழகிய பணிமேடையை அதை ஆக்குவோரே மாற்றிவிட்டால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வி அன்று. இருமுறை பெரிய அளவில் நடந்தது.

முதலில் கேடிஇ. 2008 ஜனவரியில் வந்த 4.0 முற்றிலும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. நிரலாளர்கள் பயன்படுத்திப் பார்ப்பதற்கான பதிப்பு என்று ஆக்கியோர் சொன்னார்கள். எண்ணைப் பார்த்த வழங்கல்கள் (லினக்ஸ் கருவையும் பணிமேடையையும் பிற நிரல்களையும் சேர்த்துத் தரும் தொகுப்புகள்) அதைப் பொதுப் பயனர்களுக்கே கொடுத்தன. நேற்றுவரை இயங்கிய பலவும் இயங்காமல் போகவே பெருங்குறை எழுந்தது. பழைய 3.5ஐ விடாமல் பற்றிக்கொண்டவர்கள் டிரினிட்டி என்ற பெயரில் அதைப் பேணத் தொடங்கினார்கள். இன்றும் அது வெளிவருகிறது.

அடுத்து குனோம். 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3, சாளரப் பட்டியல் பட்டையையும் சாளரத்தைச் சுருக்கும் பொத்தான்களையும் நீக்கி, எல்லாவற்றையும் ஒரு முழுத்திரைப் பார்வைக்குள் கொண்டுபோனது. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகக் கடிந்து எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு பணிமேடைக்கு மாறினார். பின்னாளில் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனத்தாங்கலிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலின் குழுவினர் புதிய குனோமின் அடித்தளத்தை வைத்துக்கொண்டு பழைய அமைப்பை மேலே கட்டிச் சின்னமன் என்று பெயரிட்டார்கள். உபுண்டு என்ற வழங்கல் யூனிட்டி என்ற தன் பணிமேடையை முன்னிறுத்தியது. 2017இல் அதைக் கைவிட்டுக் குனோமுக்கே திரும்பியது.

இவற்றில் மாத்தேயின் கதைதான் எனக்கு மிக நெருக்கமானது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர், 2011இல், குனோம் 2இன் மூலநிரலை அப்படியே எடுத்து, தென் அமெரிக்காவில் சுவைக்கும் மாத்தே இலைப் பானத்தின் பெயரைச் சூட்டினார். குனோம் 3உடன் ஒரே கணினியில் மோதாமல் இருக்க ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. அதனால் கோப்பு மேலாளர் பெட்டி எனப் பொருள்படும் காஹா ஆனது. சாளர மேலாளர் சட்டம் எனப் பொருள்படும் மார்கோ ஆனது. உரைத் தொகுப்பி இறகு எனப் பொருள்படும் ப்ளூமா ஆனது. பெயர் மாற்றம் எளிய பகுதி. பழைய நிரலை உயிருடன் வைத்திருப்பது அதைவிடக் கடினம்: அது நின்ற ஜிடிகே 2 நூலகமே காலாவதியாகிக்கொண்டிருந்ததால், தோற்றத்தை மாற்றாமல் உட்பகுதி முழுவதையும் ஜிடிகே 3க்கு நகர்த்த 2017வரை ஆனது. இதன் பயனாக, இருபது ஆண்டுகளுக்கு முன் குனோம் 2இல் பழகிய ஒருவர் இன்று புதுக் கணினி வாங்கினாலும், மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மூன்று பட்டியல்கள் என்ற அதே மேடையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். மூடிய மென்பொருளில் பழைய தொடக்கப் பட்டியல் வேண்டும் என்று கோடிப் பேர் கேட்டாலும் முடிவு உரிமையாளரின் கையில்தான். இங்கே அதைத் தொடங்க ஒரே ஒருவர் போதுமாயிருந்தார்.

விண்டோஸிலிருந்து வருகிறேன். எதில் தொடங்குவது?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றதும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு போன்றவை பழைய கணினிகளில் இல்லாததும் சேர்ந்து இந்தக் கேள்வியைப் பெருக்கிவிட்டன. (அந்த நாள் கேடிஇயின் இருபத்தொன்பதாம் பிறந்த நாளும் ஆகும், கேடிஇயினர் அதைச் சும்மா விடாமல் விண்டோஸ் 10 பயனர்களுக்கான அழைப்பாக மாற்றினார்கள்.)

வீட்டிலுள்ள பெரியவர்களுக்காகவோ, கணினியைத் திறந்து வேலையை முடித்து மூட விரும்புபவருக்காகவோ என்றால் சின்னமன் போதும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். தன் விருப்பப்படி மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்குக் கேடிஇயின் இன்றைய பணிமேடையான பிளாஸ்மா ஏற்றது; அதன் அமைப்புப் பக்கங்களுக்குள் ஒரு மாலைப்பொழுது காணாமல் போகக்கூடும் என்று எச்சரிக்கிறேன். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியில், மேசைக்கணினி நிலைக்கு மாறினால் தோன்றுவதும் இந்தப் பிளாஸ்மாதான்.

குனோமை விண்டோஸின் கண்ணோடு பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதை ஒரு புதுப் பழக்கமாக ஏற்று, சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) அழுத்தி, வேண்டிய நிரலின் பெயரில் இரண்டெழுத்தைத் தட்டித் திறக்கும் முறைக்கு ஒரு வாரம் கொடுத்தால், திரையில் வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த வெறுமை சிலருக்குப் பிடித்துப்போகிறது. பிடிக்காதவர்கள் நீட்சிகளை (பணிமேடையின் இயல்பை மாற்றும் துணை நிரல்களை) நிறுவி அதை விண்டோஸ் போலாக்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. குனோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப் பதிப்பை வெளியிடுகிறது. நீட்சிகள் அதன் உட்பகுதியைத் தொட்டு இயங்குபவை என்பதால் ஒவ்வொரு முறையும் சில உடைகின்றன. 2023இல் வந்த 45ஆம் பதிப்புக்காக எல்லா நீட்சிகளையுமே திருத்த வேண்டிவந்தது. ஐந்து நீட்சி போட்டால்தான் குனோம் பொருந்தும் என்பவருக்குத் தேவை வேறொரு பணிமேடை.

பழைய கணினிக்கு எது இலேசானது?

எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇயை ஒலிவியே ஃபூர்தான் 1996இல் தொடங்கினார். சுண்டெலி அதன் சின்னம், மாற்றங்கள் வெகு நிதானமாக வரும். 4.18க்கும் 4.20க்கும் இடையே இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை அதன் பயனர்கள் குறையாகச் சொல்வதில்லை. எல்எக்ஸ்க்யூடி, தைவானில் பிறந்த எல்எக்ஸ்டிஇயின் ஆக்குநரும் ரேஸர் க்யூடி குழுவினரும் 2013இல் கைகோத்ததால் உருவானது. பிரிவினைகளே மிகுந்த இந்த வரலாற்றில் இது அரிய நிகழ்வு.

ஆனால் இலேசான பணிமேடை மந்திரம் செய்துவிடாது. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இடத்தை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் உலாவிதான். பத்துத் தத்தல்களை (டேப்) திறந்துவிட்டால் எந்தப் பணிமேடையும் மூச்சுத் திணறும். என்னிடமுள்ள பழைய மடிக்கணினியில் மூன்று பணிமேடைகளை மாற்றிப் பார்த்துக் கிடைக்காத வேகம், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட அன்று கிடைத்தது. 32 பிட் செயலி மட்டுமே உள்ள கணினி என்றால் இன்னொரு தடையும் உண்டு: டெபியன் என்ற வழங்கலின் 2025இல் வந்த 13ஆம் பதிப்பு அத்தகைய கணினிகளுக்கான நிறுவல் வட்டைத் தருவதை நிறுத்திவிட்டது.

எக்ஸ்11, வேலண்ட் என்று உள்நுழைவுத் திரையில் கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

தடை ஏதும் இல்லையென்றால் வேலண்ட். எக்ஸ் அமைப்பின் பதினொன்றாம் வடிவம் 1987இல் வந்தது. திரையிலுள்ள எந்த நிரலும் மற்றொன்றின் விசையழுத்தங்களைக் கேட்கவும் திரையைப் படமெடுக்கவும் அது இடம் கொடுத்தது. எல்லா நிரல்களும் நம்பத்தக்கவையாக இருந்த ஆய்வகத்துக்கு அது பொருந்தியது. கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் புழங்கும் இன்றைய கணினிக்குப் பொருந்தாது. அதற்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட், ஒவ்வொரு நிரலையும் தன் சாளரத்துக்குள்ளேயே நிறுத்துகிறது. வெவ்வேறு நுணுக்கம் கொண்ட இரு திரைகளை இணைக்கும்போதும் அதுவே மேல்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு விலையும் உண்டு. திரையைப் பகிரும் நிரல்கள், பார்வைக் குறையுள்ளோருக்கான கருவிகள், தானாக விசையழுத்தும் நிரல்கள் ஆகியவை மற்ற நிரல்களைத் தொட்டே இயங்கியவை. அவற்றுக்குப் புதிய வழிகள் வகுக்கப் பல ஆண்டுகள் ஆயின, சில இன்னும் முழுமை பெறவில்லை. ஆயினும் திசை உறுதியாகிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த குனோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே முடக்கிவைத்தது. பழைய நிரல்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இடையாளின் வழியாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇயிலும் சின்னமனிலும் வேலண்ட் முதலில் சோதனை நிலையிலேயே வந்தது. அங்கே எக்ஸ்11இலேயே இருப்பதில் தவறில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய என்ன ஏற்பாடு? தமிழ் இடைமுகம் உண்டா?

எழுத்தைக் காட்டுவதில் சிக்கல் இல்லை. ஜிடிகே, க்யூடி இரண்டுமே எழுத்துகளை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற பொது நூலகத்தைச் சார்ந்திருப்பதால், கொம்பும் காலும் இருபுறமும் பிரிந்து நிற்கும் கொ, போ போன்றவை எல்லாப் பணிமேடைகளிலும் சரியாகவே தெரியும்.

தட்டச்சில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் விசைப்பலகைத் தளவமைப்புகளின் கீழ் உள்ள எளிய தமிழ்த் தளவமைப்பைச் சேர்த்துவிட்டு, தமிழ்99 முறையில் தட்டினால் புள்ளி தானாக விழவில்லையே என்று கேட்கிறார்கள். அத்தகைய தளவமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவிலேயே நிற்பது. முன் என்ன தட்டினீர்கள் என்பதை அது நினைவில் வைப்பதில்லை. தமிழ்99இன் அழகே நினைவில் வைப்பதில் இருக்கிறது: க விசையை இருமுறை அழுத்தினால் க்க என்றும், ங, க என்று அடுத்தடுத்து அழுத்தினால் ங்க என்றும் வர வேண்டும். இதற்கு எம்17என் என்ற உள்ளீட்டு நூலகத்தை, ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மேலாளரின் வழியாகப் பயன்படுத்த வேண்டும். குனோமில் ஐபஸ் ஏற்கெனவே பிணைக்கப்பட்டிருக்கிறது. எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, விசைப்பலகை அமைப்பில் உள்ளீட்டு மூலங்களின் கீழ்த் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். பிறகு சூப்பர் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மொழி மாற்றலாம். பிளாஸ்மாவில் வேலண்ட் அமர்வென்றால் ஒரு படி கூடுதல்: அமைப்புப் பக்கத்தில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய் எஃப்சிடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்து இதை அங்கே தேட எவருக்குத் தோன்றும் என்று தெரியவில்லை, எனக்குத் தோன்றவில்லை.

குனோம், கேடிஇ இரண்டிலும் தமிழ் இடைமுகம் உண்டு. தன்னார்வலர்களின் உழைப்பால் நடப்பது என்பதால் முழுமை பதிப்புக்குப் பதிப்பு மாறும். மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தெரியும். தமிழில் வைத்துப் பயன்படுத்தி, பொருந்தாத சொல்லைக் கண்டால் அந்தந்தத் திட்டத்தின் தமிழ்க் குழுவுக்குத் தெரிவிப்பது, நிரலெழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய பங்களிப்பு.

ஒரே கணினியில் இரண்டு பணிமேடைகளை நிறுவலாமா?

நிறுவலாம், உள்நுழைவுத் திரையில் கடவுச்சொல் இடும்போது எந்த அமர்வு என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பட்டியலில் இரண்டு கோப்பு மேலாளர்கள், இரண்டு உரைத் தொகுப்பிகள், இரண்டு அமைப்புப் பக்கங்கள் என்று எல்லாம் இரட்டிக்கும். எழுத்துரு, நிறத் தோற்றம், கோப்பைத் திறக்கும் நிரல் ஆகியவற்றில் ஒன்று மற்றொன்றின் அமைப்பை மாற்றிவிடுவதும் உண்டு. பார்த்து முடிவெடுப்பதே நோக்கமென்றால் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் வடிவத்தில் பார்ப்பது தூய்மையானது. நிறுவித்தான் ஆக வேண்டுமென்றால், புதிய பணிமேடைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

எதையோ மாற்றினேன், உள்நுழைந்தால் பட்டைகளே தெரியவில்லை. மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை ஒன்று வரும்; அதில் உள்நுழைந்து புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, வரைகலைத் திரைக்குத் திரும்பி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பழுது உங்கள் அமைப்புக் கோப்புகளில் மட்டுமே இருக்கிறது. அவை வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும் கான்ஃபிக் என்ற கோப்புறைக்குள் உள்ளன. கேடிஇ அவற்றைத் திறந்து படிக்கத்தக்க உரைக் கோப்புகளாக வைக்கிறது; குனோம் ஒரே தரவுத்தளமாகச் சேர்த்து வைக்கிறது. அந்தக் கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் உள்நுழைந்தால் பணிமேடை முதல் நாள் நிலைக்குத் திரும்பும். உலாவி முதலிய வேறு நிரல்களின் அமைப்புகளும் அதே கோப்புறையில் இருக்கக்கூடும் என்பதால், வேண்டியவற்றைப் பெயர் மாற்றிய கோப்புறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.